வரி பில்லில் யார் பேர் இருக்கிறது?

கேள்வி: அக்கா, கோலாலம்பூர் செந்தூலில் 11 வருஷமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 1,000 வெள்ளி. வீட்டுக்காரப் பெரியம்மாவுக்கு 76 வயது, அடுத்த தெருவில் தங்கை வீட்டில் இருக்கிறார். வீட்டை 380,000 வெள்ளிக்கு எங்களுக்கே தருவதாகச் சொன்னார். முன்பணத்துக்கு எங்களிடம் வழியில்லை. "வாடகையோடு மாதம் 600 வெள்ளி சேர்த்து 5 வருஷம் கொடுங்கள், அதை முன்பணமாகக் கழித்துக்கொள்கிறேன், அப்புறம் பேங்க் கடன் எடுங்கள்" என்றார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், 8 மாதமாகக் கொடுத்து வருகிறோம். மகன் பெர்த்தில், மகள் ஜொகூரில். இரண்டு பேரும் எட்டிப் பார்ப்பதில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப் போவது, வீட்டு வரி கட்டுவது எல்லாம் நான்தான். பில் இன்னும் பெரியப்பா பேரில்தான் வருகிறது, அவர் தவறி 9 வருஷம் ஆகிறது. பிள்ளைகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்கிறார் பெரியம்மா. இந்த 600 வெள்ளியை பேங்க் முன்பணமாக ஏற்றுக்கொள்ளுமா?
— செந்தூல் வாசகி

பதில்: தங்கச்சி, பேங்க் கதைக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பில் இன்னும் பெரியப்பா பேரில்தான் வருகிறது என்று, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அந்த பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நீங்களே கட்டுகிறீர்கள். இறந்து 9 வருஷமான மனிதரின் பேரைப் பார்த்துக்கொண்டே, அவருடைய வீட்டை அவர் மனைவியிடம் மட்டும் விலை பேசியிருக்கிறீர்கள். ஒரு தடவையாவது "பெரியம்மா, கிராண்ட், அதாவது வீட்டுப் பத்திரம், யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டீர்களா?

வரி பில் சொத்துப் பத்திரம் இல்லை, அது எனக்கும் தெரியும். பேரை மாற்ற மறந்திருக்கலாம். ஆனால் கிராண்டிலும் பெரியப்பா பேர்தான் என்றால், உயில் எழுதாமல் அவர் போயிருந்தால், அந்த வீடு பெரியம்மாவுடையது மட்டும் இல்லை. 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. (அவரைப் பெற்றவர்கள் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு, கணக்கு மாறும்.) எட்டிப் பார்க்காத பிள்ளைகள் என்கிறீர்களே, பெரும்பங்கு அவர்களுடையது! நாளைக்குப் பெரியம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த இரண்டு பேரும் வந்து வாசலில் நிற்பார்கள், உங்கள் கையில் ஸ்டாம்ப் அடிக்காத ஒரு தாள் இருக்கும். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தைக் கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. 8 மாதத்துக்கு 4,800 வெள்ளி கொடுத்தாகிவிட்டது, ரசீது வாங்கியதாக நீங்கள் எழுதவே இல்லை.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிது இல்லை. வீடு மாறும், ஊர் மாறும், "பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்" என்ற வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கும். அம்மா சொல்லிவிட்டார், அது அவர் இஷ்டம் என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 76 வயது அம்மா வீட்டை விற்பது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்றால் ஒன்று அவருக்குப் பணக் கஷ்டம் இருக்கிறது, இல்லை பிள்ளைகள் மேல் கோபம் இருக்கிறது. எது என்று அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற நீங்கள்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும். கிளினிக்குக்குக் கூட்டிப் போனீர்கள், நல்லது, அதைச் செய்யாத பிள்ளைகள் மேல் எனக்கும் கோபம்தான். பெற்றவளை வாடகைக்கு இருப்பவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் நீங்கள் செய்த உபகாரத்தை வீட்டுக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். அம்மாவை ஏமாற்றி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டாள் என்று ஒரு நாள் உங்கள் பிள்ளைகள் காதில் விழ வேண்டுமா?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் நில அலுவலகத்தில் பணம் கட்டி அந்த வீட்டுக்கு ஒரு தேடல் போட்டுப் பாருங்கள், யார் பேரில் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா, கேவியட் (வேறு யாருக்கும் மாற்ற விடாமல் போடுகிற தடை) இருக்கிறதா எல்லாம் அதில் தெரிந்துவிடும். பெரியம்மா பேர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெரியப்பா பேர் இருந்தால், உயிலும் இல்லாமல் மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு உட்பட்டிருந்தால், கோர்ட்டுக்குப் போகாமல் சிறு சொத்துப் பகிர்வு மனு போடலாம். விசாரணைக்கு வாரிசுகள் எல்லாரையும் கூப்பிடுவார்கள், மகனும் மகளும் சம்மதித்தால் முழு வீட்டையும் அம்மா பேருக்கே மாற்றிவிடலாம். எங்கள் அப்பா போனபோது நாங்கள் நான்கு பேரும் அப்படித்தான் அம்மா பேருக்கு எழுதிக் கொடுத்தோம், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் மறைக்கப்படவில்லை. அதைச் செய்யாமல், பெரியம்மா அந்தச் சொத்தின் நிர்வாகியாக மட்டும் இருந்துகொண்டு விற்கப் பார்த்தால் கோர்ட் அனுமதி வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பிள்ளைகள் இல்லாமல் நடக்காது.

பேர் மாறிய பிறகுதான் உங்கள் பேங்க் கேள்வி. முதல் இரண்டு வீட்டுக்குப் பொதுவாக 90 விழுக்காடு வரை கடன் கொடுக்கிறார்கள், மீதி 38,000 வெள்ளி உங்கள் பொறுப்பு. கூடுதல் வாடகையை அதில் கழிப்பதென்றால் வழக்கறிஞர் எழுதிய விற்பனை ஒப்பந்தத்திலேயே அது இருக்க வேண்டும், மாதாமாதம் பேங்க் வழியாகப் போன கணக்கும் வேண்டும். கையெழுத்தான கையோடு உங்கள் வழக்கறிஞர் கேவியட் போட்டுவிடட்டும். ஆனால் 5 வருஷம் இப்படி இழுக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இது உங்களுக்கு முதல் வீடு என்றால், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு முழு விலைக்கும் கடன் கிடைக்கிற ஸ்கிம் ருமா பெர்த்தாமாகூ இருக்கிறது, பேங்கில் கேளுங்கள். உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செஜாதரா கணக்கிலிருந்தும் வீடு வாங்கப் பணம் எடுக்கலாம், உங்கள் கணவருடைய கணக்கையும் பாருங்கள். விலையைக் கூட்டிக் காட்டி முன்பணத்தைச் சரிக்கட்டலாம் என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அது பேங்கை ஏமாற்றுவது.

இந்த மாதம் 1,600 கொடுக்காதீர்கள். 1,000 வெள்ளி வாடகையைக் கொடுத்து ரசீது வாங்குங்கள், கொடுத்த 4,800க்கும் எழுதி வாங்குங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜொகூர் மகளுக்குப் போன் போடுங்கள். போனைப் போடுவது நீங்களாக இருக்கட்டும், வீட்டைப் பற்றிப் பேச்சை எடுப்பது பெரியம்மாவாக இருக்கட்டும்.