ஒருவரே வாசிக்கும் இசைக்குழு

கேள்வி: எல்லா வாத்தியங்களையும் ஒருவரே வாசித்து, தன் அறையிலேயே பதிவு செய்து வெளியிட்ட புரோகிரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) ஆல்பம் ஒன்றைக் கேட்டேன். பாட்டு கிடையாது, ஒரு டிராக் மட்டும் 20 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. வாசிப்பில் குறை சொல்ல முடியாது, ஆனாலும் மனம் ஒன்றவில்லை. கோளாறு என் காதிலா, ஆல்பத்திலா?

பதில்: உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம். குழுவாக வாசிக்கும்போது கிட்டார் கலைஞர் ஓரிடத்தைச் சற்றே இழுத்து வாசித்தால், டிரம்மர் அதைக் கேட்ட மாத்திரத்தில் தன் கையை அடக்கிக்கொள்வார். தனியொருவரோ பெரும்பாலும் கிளிக் டிராக்கின் (காதில் சீராக ஒலிக்கும் தாளத் தட்டின்) துணையோடு முதலில் டிரம்ஸைப் பதிந்துவிட்டு, அதன்மேல் பேஸ் (கீழ் ஸ்தாயி கிட்டார்), கீபோர்டு, கிட்டார் என்று அடுக்கிக்கொண்டே போவதால், பின்னால் வருவது முன்னதைக் கேட்டு வாசிக்கலாமே தவிர, முன்னால் பதிந்தது பின்னதற்குச் செவிசாய்க்க வழியே இல்லை. இதை உணர்ந்தவர்கள் முதல் டிரம்ஸை வழித்துணையாக மட்டும் வைத்திருந்து, மற்றவை முடிந்தபின் அதை நீக்கிவிட்டு மறுபடி வாசித்துச் சேர்ப்பார்கள்.

நீளத்தைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. 1973 மே மாதம் வெளியான, ஆங்கிலேய இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' ஆல்பம் இவ்வகைக்கு ஒரு முன்னோடி. இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரில் பழைய பதிவை அழிக்கும் பாகமான ஹெட்டை மறைத்துவிட்டு, பழைய வாசிப்பு அழியாமல் அதன்மேலேயே புதியதை ஏற்றித்தான் அதன் மாதிரிப் பதிவை அவர் உருவாக்கினார். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே படைப்பு. தொடக்கத்தில் வரும் பியானோ 7, 8 என்று 15 எண்ணிக்கையில் சுற்றுவதால், 16ஐ எதிர்பார்க்கும் காது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணிக்கை முன்னதாகவே அடுத்த சுற்றுக்குள் இழுக்கப்படுகிறது. (கர்நாடக இசையின் 7 எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த 7 உடனே பிடிபடும்.) முதல் பக்கத்தின் இறுதிப் பகுதியில் ஒரு குரல் வாத்தியங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவை அதே மெட்டுக்குள் வந்து சேர்வதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

உங்களிடம் உள்ள ஆல்பத்தை இன்னொரு முறை, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். கிட்டாரின் மனநிலை மாறும் இடத்தில் பேஸும் மாறாமல், டிரம்ஸின் கணக்கை மட்டுமே பிடித்துக்கொண்டு போனால், நீங்கள் ஒன்ற முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான். அந்த இடங்களைக் குறித்து வைத்து அவருக்கே எழுதுங்கள். தனியாகப் பதிவு செய்தவருக்கு அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.