கைவரிசையைத் திருடியது யார்?

கேள்வி: 'கைவரிசை' என்றால் திறமையா, திருட்டா? பேப்பரில் எப்போதும் திருட்டுச் செய்தியில்தான் வருகிறதே?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பேப்பர் என்றீர்களே, அங்கேதான் வருகிறது எனக்குக் கோபம்! ஊருக்குப் போனவர் வீட்டுப் பூட்டைக் கடப்பாரையால் நெம்பி, பீரோவைக் குப்புறத் தள்ளி, கிடைத்ததை வாரிக்கொண்டு ஓடுகிறான் ஒருவன். மறுநாள் தலைப்பு 'மர்ம நபர்கள் கைவரிசை'. நெம்புவதில் என்னங்க வரிசை இருக்கிறது? நான் நாளிதழில் இருந்த காலத்தில் இதற்காகவே செய்தி ஆசிரியரோடு சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் சமாதானமாகவில்லை.

வரிசை என்பது முறை வைத்துப் பழகுவது. பாட்டுப் படிக்கிற குழந்தை சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று தொடங்கும். சிலம்பம் பழகுகிறவர்களிடம் குத்துவரிசை உண்டு. கைவரிசையும் அந்த வீட்டுப் பிள்ளைதான். திரும்பத் திரும்பச் செய்து கைக்கே பாடமாகிவிட்ட வித்தை. சரி, ஓடும் பஸ்ஸில் பிளேடு போடுகிறவனும் பழகித்தான் வருகிறான், அவன் வழியாகத்தான் சொல்லுக்குள் களவு நுழைந்திருக்க வேண்டும். செப்பிடு வித்தையும் இப்படித்தான் கெட்டது. கிண்ணத்துக்குள் பந்தை ஒளித்து நம் கண் எதிரிலேயே மாற்றிவிடுகிற அந்த அருமையான வேலையை, இப்போது ஏமாற்றுக் கணக்குக்கு மட்டும் சொல்கிறார்கள்.

நிஜக் கைவரிசை பார்க்கணும் என்றால் போச்சம்பள்ளி பக்கம் சந்தூருக்குப் போங்க. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர் எதிரில் உட்காருங்க. இளங்கன்றின் தலையைச் சீவி, நடுவில் ஒரு பிளவு. மல்கோவாக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி இழைத்து உள்ளே செருகி, பட்டையோடு பட்டை சேர்ந்ததா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி முடிச்சு. பட்டை விலகினால் குச்சி காய்ந்துவிடும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் இரண்டு கன்று முடித்து வைத்துவிட்டார் ஒருவர், பேச்சையும் நிறுத்தவில்லை.

அவரைப் பற்றிய கட்டுரை அடுத்த இதழில் வருகிறது. தலைப்பு 'கைவரிசை'. படிக்கிறவர்கள் திருட்டு என்று நினைப்பார்கள், மாற்றுங்கள் என்றார் உதவி ஆசிரியர். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.