தடை உத்தரவும் தளபதியின் மறுப்பும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ராணுவத்துக்கும் குடிமை அரசுக்கும் உள்ள உறவைப் பற்றித் தங்கள் தளத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அரசியல் போராட்டங்களை அடக்க ராணுவத்தை அழைப்பது எந்த நாட்டுக்கும் நல்லதல்ல என்று எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2008 செப்டம்பரில் தாய்லாந்துப் பிரதமர் சமக் சுந்தரவேஜ் பாங்காக்கில் கூட்டங்களைத் தடை செய்தபோது, தரைப்படைத் தளபதி அனுபோங் பாவோசிந்தா மக்கள்மீது படைபலத்தைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். பெரும் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. தாங்களோ அதைப் பாராட்டாமல், தாய்லாந்து ஜனநாயகத்தின் சரிவு அங்கேதான் வேகம் பிடித்தது என்று ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். அந்தத் தளபதி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து சுட்டிருந்தால் பாராட்டியிருப்பீர்களா? தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவர் தவறான தடையைப் பிறப்பிக்கும்போது ராணுவம் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

அன்புடன்,
ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வணக்கம். சுடாமல் இருந்தது சரி. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சுட்டிருந்தால் ஒருபோதும் பாராட்டியிருக்க மாட்டேன். அந்த ஒரு வரி விளக்கமில்லாமல் நின்றது என்று நீங்கள் கருதுவது நியாயமே. ஆகவே அதை இங்கே விரித்து எழுதுகிறேன். ஒரு தளபதி ஒரு நாள் மறுத்தார் என்பதோடு கதையை நிறுத்திவிட்டால் அவர் மனசாட்சியின் வடிவமாகத் தெரிவார். அதே தளபதி, அதே பதவியில், அதே நகரத்தில் அடுத்த இருபது மாதங்களில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மறுப்பின் பொருள் விளங்கும்.

2006 செப்டம்பர் 19 அன்று, பிரதமர் தக்சின் ஷினவத்ரா நியூயார்க்கில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அந்தப் புரட்சியில் பங்கேற்ற தளபதிகளில் அனுபோங்கும் ஒருவர். 2007 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது, தக்சினின் ஆதரவாளர்கள் நின்ற மக்கள் சக்திக் கட்சி 480 இடங்களில் 233 இடங்களைப் பிடித்து, சமக்கைப் பிரதமராக்கியது. தக்சினை எதிர்த்த, மஞ்சள் சட்டையினர் என்று அறியப்பட்ட மக்கள் கூட்டணியினர் 2008 மே மாதத்தில் மீண்டும் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 26 அன்று அரசுத் தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்ததோடு, பிரதமரின் அலுவலகமான அரசு மாளிகையையும் கைப்பற்றி அங்கேயே தங்கிவிட்டார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் அவர்களுக்கும் அரசு ஆதரவாளர்களுக்கும் இடையே நடந்த மோதலில் ஒருவர் இறந்தார். அன்று காலையே சமக் நெருக்கடி நிலையை அறிவித்து, ஐந்து பேருக்கு மேல் கூடுவதைத் தடை செய்து, அதை நிறைவேற்றும் பொறுப்பை அனுபோங்கிடம் ஒப்படைத்தார். துப்பாக்கி இல்லாமல், கேடயமும் தடியுமாகச் சில நூறு வீரர்கள் வந்து நின்றார்கள். பலத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என்று தளபதி அறிவித்தார். அரசு மாளிகையில் இருந்தவர்கள் அசையவே இல்லை.

பிரதமர்தான் அப்போது பாதுகாப்பு அமைச்சரும்கூட. சொன்னதைச் செய்யாத தளபதியை அவர் ஏன் மாற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மாற்ற முடியாதபடி சட்டம் செய்து வைக்கப்பட்டிருந்தது. புரட்சிக்குப் பின் ராணுவம் நியமித்த சட்டமன்றம் நிறைவேற்றி, 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு அமைச்சக நிர்வாகச் சட்டம், தளபதிகளின் நியமனத்தையும் இடமாற்றத்தையும் ஒரு குழுவிடம் ஒப்படைத்திருந்தது. அமைச்சரும் துணை அமைச்சரும் போக, அமைச்சகச் செயலாளர், முப்படைகளின் தலைமைத் தளபதி, தரை, கடல், வான் படைகளின் தளபதிகள் என்று குழுவின் பெரும்பான்மை சீருடைக்காரர்களிடமே இருந்தது. மக்கள் வாக்களித்து ஒருவரைப் பிரதமராக்கலாம். ஆனால் அந்தப் பிரதமர் தமக்குக் கீழே உள்ள தளபதியைத் தொடக்கூட முடியாது. இந்த ஏற்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் அனுபோங்கின் மறுப்பைத் துணிச்சல் என்று சொல்ல என்னால் இயலவில்லை. மறுத்ததற்காக அவர் இழக்கக்கூடியது எதுவுமே இருக்கவில்லை.

செப்டம்பர் 9 அன்று, தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிக்கு ஊதியம் பெற்றதற்காக அரசியலமைப்பு நீதிமன்றம் சமக்கைப் பதவி இழக்கச் செய்தது. அடுத்து வந்தவர் தக்சினின் தங்கை கணவரான சோம்சாய் வோங்சவாட். அக்டோபர் 7 அன்று நாடாளுமன்றத்தைச் சூழ்ந்திருந்த மஞ்சள் சட்டையினர்மீது காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. இருவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். பிரதமர் வேலியேறிக் குதித்து வெளியேற வேண்டியிருந்தது. காவல்துறையின் அந்த அத்துமீறலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அக்டோபர் 16 அன்று நடந்ததைக் கவனியுங்கள். அனுபோங் மற்றப் படைத் தளபதிகளையும் உடன் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றி, தாம் பிரதமராக இருந்திருந்தால் பதவி விலகியிருப்பேன் என்ற பொருளில் பேசினார். தடையை நிறைவேற்ற மறுத்தவர், இப்போது அரசு எப்படி முடிய வேண்டும் என்று நாட்டுக்கே எடுத்துச் சொல்கிறார். நவம்பர் 25 அன்று மஞ்சள் சட்டையினர் சுவர்ணபூமி விமான நிலையத்தைக் கைப்பற்றியபோது, நிலையத்தைவிட்டு வெளியேறுங்கள் என்று அவர்களையும், நாடாளுமன்றத்தைக் கலையுங்கள் என்று பிரதமரையும் அவர் ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டார். பெருவிலிருந்து திரும்பிய சோம்சாய் தலைநகரில் இறங்க முடியாமல் சியாங் மாயில் இருந்துகொண்டு ஆட்சி நடத்தினார். நவம்பர் 27 அன்று சுவர்ணபூமி, டான் முவாங் ஆகிய இரு விமான நிலையங்களிலும் அவர் அறிவித்த நெருக்கடி நிலை தாளோடு நின்றது. டிசம்பர் 2 அன்று நீதிமன்றம் ஆளுங்கட்சியையே கலைத்தது. டிசம்பர் 15 அன்று எதிர்க்கட்சித் தலைவர் அபிசிட் வெஜ்ஜாஜிவா 235-க்கு 198 என்ற வாக்குகளில் பிரதமரானார். அந்தக் கூட்டணிக்கான பேச்சு தரைப்படைத் தளபதியின் இல்லத்தில் நடந்ததாக அன்றைய செய்தித்தாள்கள் பரவலாக எழுதின.

இனி 2010. தளபதி அவரேதான். தக்சின் ஆதரவாளர்களான சிவப்புச் சட்டையினர் தேர்தல் கேட்டு மார்ச் மாதத்திலிருந்து பாங்காக்கில் திரண்டிருந்தார்கள். ஏப்ரல் 7 அன்று அபிசிட் நெருக்கடி நிலையை அறிவித்தார். சமக் கையில் எடுத்ததும் இதே சட்டத்தைத்தான். இந்த முறை ராணுவம் துப்பாக்கியோடும் கவச வாகனங்களோடும் வந்தது. ஏப்ரல் 10 அன்று மாலையில் பழைய நகரத்தின் கோக் வுவா சந்திப்பருகே நடந்த மோதலில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கர்னல் நிலையில் இருந்த ஓர் அதிகாரியும், ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஜப்பானிய ஒளிப்பதிவாளர் ஒருவரும் அவர்களில் அடக்கம். போராட்டக்காரர்கள் பக்கத்திலும் ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மே மாதத்தில் ராச்சபராரோப் சாலைப் பகுதியில், இது உண்மையான தோட்டாக்கள் பயன்படுத்தப்படும் பகுதி என்று எழுதிய அறிவிப்புத் துணிகளை ராணுவத்தினர் வைத்தார்கள். வாகனங்களும் கடைகளும் நிறைந்த ஒரு தலைநகரத் தெருவில், சொந்த நாட்டு மக்கள் படிப்பதற்காக வைத்த அறிவிப்பு அது. மே 19 அன்று போராட்டத் தலைவர்கள் சரணடைந்த பின்னும், பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டிருந்த பத்தும் வனாராம் புத்த விகாரையில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு மருத்துவ உதவி செய்துகொண்டிருந்த தன்னார்வலர்களும் அவர்களில் இருந்தார்கள். ராணுவத்தினர் இருந்த திசையிலிருந்தே தோட்டாக்கள் வந்தன என்று 2013-இல் நீதிமன்ற மரண விசாரணை கண்டறிந்தது. அந்த இரண்டு மாதங்களில் இறந்தவர்கள் தொண்ணூறு பேருக்கும் மேல். இன்றுவரை ஒரு ராணுவ வீரரும் அதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஏப்ரல் 10-க்குப் பிறகு அனுபோங்கும், நாடாளுமன்றத்தைக் கலைப்பது இதற்கு ஒரு வழியாக இருக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். அவருக்கு ரத்தம் சிந்துவதில் விருப்பம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் சில நாட்களில் முழுப் பொறுப்பும் அவரிடம் கொடுக்கப்பட்டது, அவர் ஏற்றுக்கொண்டார், மே மாதத்தில் படை நகர்ந்தது. 2008-இல் முடியாது என்று சொல்ல முடிந்த அதே வாய்க்கு 2010-இல் அப்படிச் சொல்லத் தடை என்ன இருந்தது? அன்று கூடியிருந்தவர்கள் மஞ்சள் அணிந்திருந்தார்கள், இன்று கூடியிருந்தவர்கள் சிவப்பு அணிந்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்கு அகப்படவில்லை. 'யார் கூடலாம், யார் கூடக் கூடாது' என்ற முடிவு அரசின் கையிலிருந்து படைத் தலைமையின் கைக்குப் போய்விட்டது என்பதையே அந்த ஒரு வரியில் சொல்ல நினைத்தேன்.

அது போய்ச் சேர்ந்த இடம் 2014. இம்முறை அரசுக்கு எதிராகத் தெருவை அடைத்து நின்றவர் சுதேப் தாக்சுபன். 2010-இல் துணைப் பிரதமராக இருந்து, போராட்டத்தை ஒடுக்கும் மையத்துக்குத் தலைமை வகித்த அதே சுதேப். தக்சினின் இன்னொரு தங்கையான பிரதமர் யிங்லக் ஷினவத்ரா ஜனவரியில் அறுபது நாள் நெருக்கடி நிலையை அறிவித்தார். புதிய தளபதி பிரயுத் சான்-ஓ-சா நடுநிலை என்றார். புரட்சி நடக்குமா என்று கேட்டவர்களுக்கு, நடக்கும் என்றோ நடக்காது என்றோ சொல்லவில்லை. வீரர்கள் மணல் மூட்டை அடுக்கிக் காவல் நின்றார்களே ஒழிய, அரசின் தடையை நிறைவேற்றவில்லை. மே 20 அதிகாலை மூன்று மணிக்கு, அமைச்சரவையைக் கேட்காமலே, 1914-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தைப் பிரயுத் நாடு முழுவதும் அறிவித்தார். இரண்டு நாள் கழித்துப் பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களை ராணுவ மனமகிழ் மன்றத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு ஆட்சியை எடுத்துக்கொண்டார். புதிய ஆட்சியின் முதல் அறிவிப்புகளில் ஒன்று என்ன தெரியுமா? ஐந்து பேரும் அதற்கு மேலும் அரசியல் நோக்கத்தோடு கூடக் கூடாது. சமக்கும் யிங்லக்கும் கேட்டபோது நிறைவேற்ற முடியாததாக இருந்த தடை, இப்போது சாண்ட்விச் தின்றபடி எதிர்ப்புக் காட்டிய மாணவரைப் பிடித்துச் செல்லும் அளவுக்கு நிறைவேறியது. 2018 டிசம்பர் வரை அது நீடித்தது. பிரயுத்தின் அமைச்சரவையில் 2014 முதல் 2023 வரை உள்துறை அமைச்சராக இருந்தவர், உங்கள் கடிதத்தில் மனசாட்சியின் சின்னமாக வரும் அனுபோங்தான்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நான் குற்றமற்றவர்களாகக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். சமக், சோம்சாய், அபிசிட், யிங்லக் என்று நான்கு பிரதமர்களும் மாறி மாறிப் பயன்படுத்திய நெருக்கடி நிலை ஆணையை 2005-இல் பிறப்பித்தவர் தக்சின். தெற்கு மாகாணங்களின் மலாய் முஸ்லிம் மக்களைக் கட்டுப்படுத்த உருவான சட்டம் அது. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிகள்மீது எந்த வழக்கும் நிற்காது என்று அதன் 17-ஆம் பிரிவு அன்றே எழுதிவிட்டது. பட்டானியிலும் யாலாவிலும் அந்தப் பிரிவின் சுமையைத் தாங்கிய மக்களைப் பற்றிப் பாங்காக்கின் எந்த நிறமும் அப்போது பெரிதாகக் கவலைப்படவில்லை. சமக்கும் கை சுத்தமானவர் இல்லை. தம்மாசாட் பல்கலைக்கழகப் படுகொலையைத் தொடர்ந்து 1976 அக்டோபரில் அமைந்த கடும் வலதுசாரி அரசில் உள்துறை அமைச்சராக இருந்தவர் அவர். தெருவில் நிற்பவர்களோடு பேசவும் காவல்துறையை முறையாக நடத்தவும் தெரியாத அரசு, தடை உத்தரவைப் போட்டுவிட்டு ராணுவத்தைக் கூப்பிடும் அந்தக் கணத்திலேயே, அதை நிறைவேற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் தளபதியை உட்கார வைத்துவிடுகிறது.

உங்கள் இறுதிக் கேள்விக்கு வருகிறேன். ஆயுதமற்ற மக்களைச் சுடு என்ற உத்தரவை எந்த வீரரும் மறுக்கலாம், மறுக்க வேண்டும். அந்த மறுப்பு எந்த நிறக் கூட்டத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலிடத்துக்கு எழுத்தில் சொல்லி, அதன் விளைவைத் தாமே ஏற்று, தேவைப்பட்டால் பதவியைவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். பதவியில் இருந்துகொண்டே தொலைக்காட்சியில் பிரதமருக்கு அறிவுரை சொல்வதும், அடுத்த அரசை அமைப்பதில் பங்கெடுப்பதும் மறுப்பு ஆகாது. தடை செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். 2014 பிப்ரவரி 19 அன்று பாங்காக் குடிமை நீதிமன்றம், நெருக்கடி நிலை செல்லும், ஆனால் அமைதியாகப் போராடுபவர்களைக் கலைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்து, அரசின் கையைக் கட்டியது. அந்தத் தீர்ப்பு யிங்லக்குக்குக் கசந்திருக்கும். சுதேப் கூட்டத்தின்மீது எனக்கும் எந்தப் பரிவும் கிடையாது. ஆயினும் அது திறந்த மன்றத்தில், இரு தரப்பையும் கேட்டு, காரணங்களை எழுதி வைத்துச் சொல்லப்பட்ட மறுப்பு. அதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோகலாம். அனுபோங்கின் மறுப்பை எந்த மன்றத்துக்கு எடுத்துப் போவது?

இந்த வேறுபாடு தாய்லாந்தின் சட்டப் புத்தகத்தில் இன்னும் இடம் பெறவில்லை. 2024 டிசம்பரில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், தளபதிகள் நியமனத்தில் அமைச்சரவைக்கு அதிகாரம் தருவதற்காக அந்த 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் வரைவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பியதும், கூட்டணிக் கட்சிகளே முகம் சுளித்ததும், அது திரும்பப் பெறப்பட்டது. தளபதிகளை நியமிக்கும் குழுவில் சீருடைக்காரர்களின் பெரும்பான்மை அப்படியே தொடர்ந்தது.

அன்புடன்.