வெள்ளிக்கிழமை மதியம் தாஜ்மகால், வேண்டாம்

நாலு வயசுப் பையனையும் எட்டு வயசுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தாஜ்மகால் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிழமையை மாற்றுங்கள், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மதியமும் வேண்டவே வேண்டாம், ஆக்ராவின் மே மாத வெயிலைச் சின்னவன் தாங்கமாட்டான். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே திறந்துவிடுகிறார்கள், அப்போதே உள்ளே போய்விடுங்கள். 15 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், தண்ணீர் பாட்டில் பரவாயில்லை.

பெரியவளுக்குச் சுவரில் இருக்கும் பூக்களைக் கிட்டத்தில் காட்டுங்கள், ஒவ்வொரு இதழும் பளிங்கைக் குடைந்து, நிறக்கல்லை அதே அளவுக்குச் செதுக்கிப் பதித்தது. நாலு மினார் கோபுரங்களும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், அதை அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். சின்னவன் சிணுங்க ஆரம்பித்தால் இழுத்துப் பிடிக்காதீர்கள், தோட்டத்தில் நிழலில் உட்காருங்கள். சாயங்காலம் வெயில் தணிந்ததும் யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குப் போங்கள், அங்கிருந்தும் தாஜ்மகால் நேரெதிரே தெரியும், அவனுக்கு ஓடவும் இடம் இருக்கும்.