யோசிக்காம ஆடுங்கறாங்களே, அது எப்படி? – பாஸ்கெட்பால் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 16 வயசு, ஸ்கூல் டீம்ல பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை கொண்டு போய் ஆட்டத்தை நடத்தறவன். தனியா பிராக்டிஸ் பண்ணும்போது கிராஸ்ஓவர், ஸ்டெப்-பேக்னு டிஃபெண்டரை ஏமாத்தற மூவ் எல்லாமே சுத்தமா வருது. மேட்ச்ல பந்து கைக்கு வந்ததும் அப்படியே நின்னுடறேன், என்ன பண்ணலாம்னு முடிவு பண்றதுக்குள்ள டிஃபெண்டர் மேல வந்துடறான். கோச் "யோசிக்காதடா, இன்ஸ்டிங்க்ட்ல ஆடு"ங்கறார். அது எப்படி வரும்?

பதில்: தம்பி, கோச் சொன்னதுல தப்பில்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்கார். நல்லா ஆடறவங்க யோசிக்காம ஆடறதில்ல, பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே யோசிச்சு முடிச்சுடறாங்க. நீ பந்து வந்தப்புறம் ஆரம்பிக்கற, அதான் லேட்டாகுது. கண்ணுல பட்டதுக்கு கை அசையறதுக்கே, ஒரு சாய்ஸும் இல்லாத சாதாரண விஷயத்துக்கே, ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு போயிடும். அதுக்கு மேல ஷூட்டா டிரைவா பாஸா, பாஸ்னா யாருக்குன்னு சாய்ஸ் கூடக்கூட நேரமும் ஏறும், ஹிக்னு ஒரு பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட் 1952லயே இதை அளந்து காட்டிட்டார். அதனால மேட்ச்ல ஆறு மூவ் தெரிஞ்சிருக்கறதே உன்னை மெதுவாக்கும், எதை எப்ப போடறதுன்னு பழகாத வரைக்கும்.

விங்ல, அதாவது கோர்ட்டோட பக்கவாட்டுல நிக்கறன்னு வெச்சுக்கோ, எதிர்ப்பக்கத்துல இருந்து பாஸ் வரப்போகுது. பாஸ் கிளம்பற நேரத்துலயே உன்னை நோக்கி ஓடி வர்றவனை ஒரு தடவை பார்த்துடு, அப்புறம் கண்ணை பந்துக்கு கொண்டு வா. அவன் இன்னும் ரெண்டு எட்டு தள்ளி இருக்கான், கை கீழ இருக்கு, அப்படின்னா ஷூட், வேற பேச்சே இல்ல. கையைத் தூக்கிட்டு வேகமா பாஞ்சு வர்றானா, அவன் எந்தக் காலை முன்னாடி வெச்சிருக்கானோ அந்தப் பக்கமா ஒரே டிரிபிள்ல, அதாவது பந்தைத் தரையில ஒரே தட்டு தட்டி, தாண்டு. ஏன்னா அந்தப் பக்கம் உன்கூட வரணும்னா அவன் இடுப்பை மொத்தமா திருப்பி காலை பின்னாடி எடுத்து வெச்சாகணும், அதுக்குள்ள உன் தோள் அவன் தோளைத் தாண்டியிருக்கும். தாண்டினப்புறம் அவனை மறந்துடு, அவன் முடிஞ்சான். இப்ப உன் கண்ணு ஹெல்புக்கு வர்ற ரெண்டாவது ஆள் மேல இருக்கணும், அவன் யாரை விட்டுட்டு வந்தானோ அவன்தான் உனக்கு ஃப்ரீ. வரலையா, ரிங் கிட்ட போய் லே-அப் போடு.

கவனிச்சியா, பத்து பேரையும் பார்க்க வேண்டாம், முதல்ல ஒருத்தன், அப்புறம் இன்னொருத்தன். பிக் அண்ட் ரோல்லயும் (உன் டீம் ஆள் உன் டிஃபெண்டரை மறிச்சு நின்னு ஸ்கிரீன் போட்டுட்டு, அப்புறம் ரிங் பக்கம் ஓடறது, அதாவது ரோல் பண்றது) இதேதான், ஸ்கிரீனை தாண்டி வர்றப்ப எதிர் கார்னர்ல இருக்கற டிஃபெண்டரைப் பாரு, அவன் பெயிண்டுக்குள்ள, அதாவது ரிங்குக்கு முன்னாடி இருக்கற கட்டத்துக்குள்ள, காலை வெச்சு ரோல் பண்றவனை அடைச்சா கார்னருக்கு பாஸ், வைக்கலைன்னா ரோல் பண்றவனுக்கு பாஸ். "அவன் இப்படி பண்ணா நான் இப்படி"ங்கற இந்த ஜோடிகளை திரும்பத் திரும்ப ஆடிப் பழகினா கொஞ்ச நாள்ல மனசுக்குள்ள கேள்வியே வராது, கால் தானா போயிடும். இன்ஸ்டிங்க்ட்ங்கறது இதுதான்.

தனியா பந்தைத் தட்டிட்டு இருந்தா இது வராது, கோனை சுத்தி டிரிபிள் பண்ணாலும் வராது, ஏன்னா கோன் எந்தப் பக்கமும் ஏமாத்தாது. ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்கோ, ரிங்குக்கு கீழ இருந்து அவனே உனக்கு பாஸ் குடுத்துட்டு உன்னை அடைக்க ஓடி வரட்டும், உனக்கு ரெண்டு டிரிபிளுக்கு மேல கிடையாது. சில தடவை அவன் மெதுவா வரணும், சில தடவை பாஞ்சு வரணும், எப்படின்னு முன்கூட்டியே சொல்லக்கூடாது. மூணாவது ஆள் கிடைச்சா அவனை ரிங் கிட்ட ஹெல்புக்கு நிறுத்து, நாலாவது ஆள் கிடைச்சா கார்னர்ல உன் டீமுக்கு. இப்படி ஒவ்வொருத்தரா ஏத்திட்டே போ, எடுத்த உடனே அஞ்சுக்கு அஞ்சு ஆடி குழம்பாத.

கேள்வி: நான் பி.டி. டீச்சர். லைட் எரிஞ்சதும் தொடற மெஷின், டென்னிஸ் பால் கேட்ச்னு ரியாக்‌ஷன் டிரில் நிறைய வந்திருக்கு. பசங்களுக்கு வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: வார்ம்-அப்புக்கு தாராளமா வெச்சுக்கலாம் சார், பசங்க ஆர்வமா பண்ணுவாங்க. ஆனா அதுக்கு செலவு பண்ற நேரம் மேட்ச்ல திரும்பி வரும்னு நம்பாதீங்க. லைட் எப்ப எரியும்னு எந்த அடையாளமும் குடுக்காது, டிஃபெண்டர் குடுப்பான், இடுப்புல குடுப்பான், காலை வைக்கறதுல குடுப்பான், அதைப் படிக்கறதுதான் ஆட்டமே. 1980ல வந்த ஒரு ஆய்வுல பாஸ்கெட்பால் ஆடறவங்களுக்கும் ஆடாதவங்களுக்கும் மேட்ச் போட்டோவை கொஞ்ச நேரம் காட்டி யார் எங்க நின்னாங்கன்னு கேட்டாங்க. திட்டம் போட்டு ஆடற ஒழுங்கான செட் பிளே போட்டோன்னா ஆடறவங்க நல்லா சொன்னாங்க, ஆட்டம் கலைஞ்சு கிடக்கற நேரத்து போட்டோன்னா ரெண்டு பேரும் ஒண்ணுதான். அதாவது அவங்களுக்கு ஞாபக சக்தி அதிகம்னு இல்ல, ஆட்டத்தோட அமைப்பு கண்ணுக்கு பழகியிருக்கு.

அதனால என் ஓட்டு சின்ன மேட்ச்சுக்குதான். அரை கோர்ட்ல மூணுக்கு மூணு வைங்க, 3x3 ரூல்படி ஷாட் கிளாக், அதாவது ஷூட் பண்றதுக்கு குடுக்கற நேரம், 12 செகண்ட்தான், ஃபுல் கோர்ட்ல 24. ஆள் கம்மியா இருக்கறதால எல்லார் கைக்கும் பந்து வரும், ஒளிஞ்சுக்க இடமே இருக்காது. ஒரு நாள் டிரிபிளே கிடையாதுன்னு ஆட விடுங்க, இன்னொரு நாள் பந்தை வாங்கி ஒரு செகண்டுக்கு மேல வெச்சிருந்தா பந்து எதிர் டீமுக்குன்னு சொல்லுங்க. டிஃபென்ஸ் டீமை மட்டும் தனியா கூப்பிட்டு "அடுத்த தடவை ஸ்கிரீன்ல ஆள் மாத்துங்க"ன்னு காதுல சொல்லுங்க, அட்டாக் பண்றவங்களே ஆடி கண்டுபிடிக்கட்டும். நடுவுல நின்னு "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு"ன்னு கத்தாதீங்க சார், அப்படி கத்தினா முடிவு உங்களோடது, பையன் வெறும் கை.

கேள்வி: என் பொண்ணு 12 வயசு, மணிக்கணக்கா மேட்ச் வீடியோ பார்க்கறா. இதனால கேம் சென்ஸ் வருமா?

பதில்: ஓரளவு வரும்மா, ஆனா ஆடாம பார்க்கறது மட்டும் பத்தாது. 2008ல இத்தாலியில ஒரு சோதனை நடந்தது, ஃப்ரீ த்ரோ போடற வீடியோவை நடுவுல நிறுத்தி உள்ள விழுமா விழாதான்னு கேட்டாங்க. ஆட்டக்காரங்க பந்து கையை விட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே, போடறவரோட உடம்பு அசைவை வெச்சு மத்தவங்களை விட நல்லா சொன்னாங்க. கோச்சும் ஸ்போர்ட்ஸ் பத்திரிகைக்காரங்களும் எவ்வளவோ ஆட்டம் பார்த்தவங்கதான், அவங்களால அந்த அளவு முடியல. உடம்பு செஞ்சு பழகினதைத்தான் கண்ணு சீக்கிரம் படிக்குது. பாப்பாவை வீடியோ பார்க்க வேண்டாம்னு தடுக்காதீங்க, பாஸ் போறதுக்கு முன்னாடி நிறுத்தி "இப்ப யாருக்கு போகும், ஏன்?"னு கேளுங்க, பந்து இல்லாத ஆளுங்களை பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் கோர்ட்டுக்கு அனுப்பிடுங்க.

கேள்வி: 42 வயசாச்சு, வேகம் போயிடுச்சு. இனிமே இதெல்லாம் கத்துக்க முடியுமா?

பதில்: தாராளமா. நிக்கோலா யோக்கிச் ஆட்டத்தைப் பாருங்க, வேகத்துக்கோ குதிக்கறதுக்கோ பேர் வாங்கினவர் இல்ல, ஆனா என்.பி.ஏ.ல 2021, 2022, 2024னு மூணு தடவை எம்.வி.பி., அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர். ரிங்கை நோக்கி கட் பண்றவன் ஃப்ரீ ஆகறதுக்கு முன்னாடியே பந்து அவன் கையை நோக்கி கிளம்பியிருக்கும். முழங்காலை மட்டும் பார்த்துக்கோங்க.

கேள்வி: தப்பு பண்ணா கோச் உடனே வெளிய உக்கார வெச்சுடறார். அந்த பயத்துலயே பக்கத்துல இருக்கறவனுக்கு பாஸ் குடுத்துட்டு ஒதுங்கிடறேன்.

பதில்: இது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா பயந்தவன் பந்து வர்றதுக்கு முன்னாடி எதிராளியைப் பார்க்க மாட்டான், பெஞ்சைத்தான் பார்ப்பான். டர்ன்ஓவர்ல, அதாவது பந்தை எதிர் டீம்கிட்ட விட்டுடறதுல, ரெண்டு வகை இருக்கு. கார்னர்ல ஆள் ஃப்ரீ, நீ பார்த்துட்ட, பாஸ் கொஞ்சம் உயரமா போயிடுச்சு, இது கை தப்பு, முடிவு சரி. மூணு பேர் நடுவுல டிரைவ் பண்ணி பந்தை விட்டது முடிவு தப்பு. ரெண்டுக்கும் ஒரே தண்டனைன்னா யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டாங்க. பிராக்டிஸ் முடிஞ்சதும் கோச்கிட்ட தனியா போய் "சார், நான் பார்த்தது சரியா, குடுத்தது தப்பா?"ன்னு கேளு. பெரும்பாலான கோச் இப்படி கேட்டா நின்னு பதில் சொல்வாங்க. பதில் வர்ற வரைக்கும் மேட்ச்ல உனக்கு ஒரே வேலை, பாஸ் கிளம்பினதும் டிஃபெண்டரை ஒரு தடவை பார்க்கறது.