நாகேஷ்: வாசகர் கேள்விகள்

நாகேஷ் ரயில்வே ஊழியராக இருந்தவர் என்கிறார்களே, உண்மையா? அங்கிருந்து சினிமாவுக்கு எப்படி வந்தார்?

உண்மைதான். 1933-ல் தாராபுரத்தில் பிறந்தவர். கன்னடம் பேசும் குடும்பம், வீட்டில் கூப்பிட்ட பெயர் குண்டு ராவ். வேலை தேடிச் சென்னைக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தா ஆனார். அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் சாயங்காலமானால் நாடக ஒத்திகைக்கு ஓடிய காலம் அது. அப்படி ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடம் மட்டும் வரும் வேடம் அவருக்குக் கிடைத்தது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர்., பேசும்போது அந்த வயிற்றுவலிக்காரரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். 1959-ல் 'தாமரைக்குளம்' படத்தில் அறிமுகம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது அவருடைய முகம். அம்மை போட்டு, முகமெங்கும் தழும்பு. உடம்போ ஒல்லி. அழகான முகமும் கணீர்க் குரலும் வேண்டும் என்று எதிர்பார்த்த சினிமாவில், இந்த முகத்தோடு நுழைந்து கதாநாயகனாகவும் நடித்தார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

'காதலிக்க நேரமில்லை' படத்தில் கதை சொல்லும் காட்சியில் உண்மையில் ஜெயித்தது நாகேஷா, பாலையாவா?

இந்தக் கேள்வி பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவரை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியே இல்லை என்பதுதான் என் பதில்.

1964-ல் ஸ்ரீதர் இயக்கிய படம், வசனத்தில் சித்ராலயா கோபுவின் பங்கு பெரியது. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கிவிட்டுப் பணத்துக்கு அப்பாவையே நம்பியிருக்கும் செல்லப்பாவாக நாகேஷ். பணக்கார அப்பா டி.எஸ். பாலையா. மகன் திகில் கதை சொல்கிறான், அப்பா கேட்கிறார். நடப்பது இவ்வளவுதான். கதைக்கு வேண்டிய சத்தங்களை எல்லாம் நாகேஷ் வாயாலேயே கொடுக்கிறார். குரலைத் தாழ்த்துகிறார், இழுக்கிறார், சட்டென்று உயர்த்துகிறார். ஆனால் அவர் எத்தனை இடத்தில் நிறுத்துகிறார் என்பதை அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். பாலையாவின் முகத்தில் பயம் ஏறுவதற்கு இடம் விட்டு, அது ஏறிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறார். அவசரப்பட்டிருந்தால் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும். எதிரில் இருப்பவர் நடிப்பதற்கு நேரம் கொடுப்பது நகைச்சுவை நடிகர்களிடம் அபூர்வம். நாகேஷைப் பெரிய நடிகர் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான். அவரைக் 'காமெடியன்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'திருவிளையாடல்' தருமி காட்சியை வெட்டச் சொன்னார் சிவாஜி என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொல்கிறார்.

நாகேஷே சொல்லியிருப்பது நேர்மாறானது. காட்சியைப் பார்த்த சிவாஜி, இதில் ஒரு அடிகூட வெட்டக்கூடாது என்று இயக்குநரிடம் சொன்னார் என்று நாகேஷ் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜன். நக்கீரராக வருபவரும் அவரேதான்.

சிவபெருமானாக சிவாஜி எதிரில் நிற்கும்போது, கோயிலில் புலம்பும் ஓர் ஏழைப் புலவர் திரையை எடுத்துக்கொள்கிறார் என்றால் அது சாதாரணமா? தருமிக்குள் மூன்று குரல் இருக்கிறது. தனியாக இருக்கும்போது அழுகுரல். பாட்டு எழுதித் தர ஆள் கிடைத்ததும், அந்த ஆளையே பரீட்சை செய்யும் அதிகாரக் குரல். பாண்டியன் சபையில் வரவழைத்துக்கொண்ட கம்பீரம். பாட்டில் குற்றம் என்று நக்கீரர் சொன்னதும் அந்தக் கம்பீரம் பொலபொலவென்று உதிர்கிறது. நாம் சிரிக்கிறோம், ஆனால் ஆயிரம் பொன் கைநழுவிப் போன ஏழையின் பதற்றம் அந்த உடம்பில் அப்படியே இருக்கிறது. வறுமையை இவ்வளவு மரியாதையோடு சிரிப்பாக்கிக் காட்டிய காட்சி தமிழில் வேறு எது?

அவர் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் பார்த்துச் செய்தவர்தானே?

சாயல் இருக்கிறது. ரப்பர் மாதிரி வளையும் உடம்பு, திடீர்த் துள்ளல், நடன அசைவு எல்லாம் அந்த ஒப்பீட்டைக் கொண்டுவரும். ஆனால் 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியை எந்த அமெரிக்க நடிகரிடமிருந்து எடுக்க முடியும்? கொத்தமங்கலம் சுப்பு எழுத்தில் பிறந்த பாத்திரம் அது. நாட்டியக்காரி மோகனாவைப் பணக்காரர்களிடம் சேர்த்துவிட்டுத் தரகு பார்க்கத் துடிக்கும் ஆசாமி. சி.கே. சரஸ்வதி நடித்த தாய் வடிவாம்பாளின் பேராசையை அவர் தூண்டிவிடும் விதத்தைப் பாருங்கள். அந்தக் குழைவும் நமட்டுச் சிரிப்பும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் இருந்தவை. செய்வது அயோக்கியத்தனம் என்று தெரிந்தும் நம்மைச் சிரிக்க வைக்கிறார், அப்புறம் சிரித்ததற்காகச் சங்கடப்படவும் வைக்கிறார்.

பாலசந்தர் இல்லாவிட்டால் நாகேஷ் இல்லை என்பது சரியா?

பாதி சரி. இயக்குநர் பாலசந்தர், ஏஜி ஆபீஸ் என்ற அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். 'சர்வர் சுந்தரம்' அவருடைய நாடகம். அதே கதையை ஏவிஎம் 1964-ல் படமாக்கியபோது கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள், சுந்தரமாக நாகேஷே நடித்தார். அதில் வரும் 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டை எழுதிய வாலி, கையில் காசில்லாத நாட்களில் நாகேஷோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். பாட்டில் எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் திரையிலேயே தோன்றுவார்கள்.

அடுத்த வருஷம் பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யில் ஆஸ்பத்திரி நோயாளியாக நாகேஷ்தான் மையம். அப்புறம் 'எதிர்நீச்சல்' மாடிப்படி மாது. 'அபூர்வ ராகங்கள்' படத்தில் சுவரில் விழும் தன் நிழலோடு கோப்பையை மோதிக் குடிப்பாரே, அந்தத் தனிமையை வசனத்தால் காட்டவே முடியாது. இவரை நம்பிக் கனமான வேடம் எழுதலாம் என்று கண்டுகொண்டது பாலசந்தர், சந்தேகமில்லை. ஆனால் அப்படி நம்பி எழுத ஒரு நாகேஷ் கிடைத்ததால் பாலசந்தருக்கும் நடந்த நன்மை பெரிது.

அவருக்கு தேசிய விருது எந்த நகைச்சுவைப் படத்துக்கு?

நகைச்சுவைக்கு இல்லை. 1994-ல் வந்த 'நம்மவர்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது. மகளை இழந்த தகப்பன் வேடம். கே.எஸ். சேதுமாதவன் இயக்கம். முதல் படத்திலிருந்து கணக்கிட்டால் 35 வருஷம் கழித்து வந்த அங்கீகாரம். பத்ம விருது எதுவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அது அவருக்குக் குறை இல்லை, கொடுக்காதவர்களுக்குத்தான்.

வயதான பிறகு வில்லனாகவும் பிணமாகவும் நடித்தாரே, அது வீழ்ச்சி இல்லையா?

எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. 'அபூர்வ சகோதரர்கள்' தர்மராஜைப் பார்த்தவர்கள் பயந்தார்கள். நம்மைச் சிரிக்கவைத்த அதே குரல் அங்கே குரூரமாகியிருந்தது. 'மகளிர் மட்டும்' படத்தில் பிணம். முகத்தில் அசைவு கூடாது, கண் திறக்கக் கூடாது, வசனம் கிடையாது. ஆட்கள் தூக்குவார்கள், சாய்ப்பார்கள், உட்கார வைப்பார்கள். உடம்பு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளாமல் இழுத்த பக்கம் சரிய வேண்டும். கொஞ்சம் விறைத்தாலும் உயிர் இருப்பது தெரிந்துவிடும். வாழ்நாள் முழுக்க உடம்பைத் துள்ளவைத்தே பேர் வாங்கியவர், அறுபதைத் தொட்ட பிறகு அதை முழுசாக விட்டுக்கொடுத்து நடிக்கிறார். இரண்டு படத்துக்குமே இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ் என்பதையும் மறக்கக் கூடாது.

தி.நகர் நாகேஷ் தியேட்டர் அவருடையதா?

ஆமாம், அவர் கட்டியது. பின்னாளில் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது.

என் மகளுக்குப் பதினாறு வயது. பழைய படம் என்றாலே எழுந்து போய்விடுகிறாள். நாகேஷை எதிலிருந்து காட்டலாம்?

கறுப்பு-வெள்ளையில் தொடங்காதீர்கள். முதலில் 'மைக்கேல் மதன காமராஜன்', அவளுக்கு உடனே பிடிக்கும். அதில் அவினாசியாக வருகிறார். பிறகு 'காதலிக்க நேரமில்லை', அது வண்ணப்படம், இன்றைக்கும் வேகம் குறையாதது. அது பிடித்துவிட்டால் தருமி காட்சியை மட்டும் தனியாகக் காட்டுங்கள். 'நீர்க்குமிழி'க்கு அவசரம் வேண்டாம், அவளே ஒரு நாள் கேட்கட்டும். பாட்டு, நடனத்தில் ஆர்வம் உள்ளவள் என்றால் 'அனுபவி ராஜா அனுபவி'யில் வரும் 'முத்துக்குளிக்க வாரீகளா' பாட்டைப் போடுங்கள். சத்தத்தை நன்றாக வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.