பெருங்குடலை அசைப்பது எது?

கேள்வி: நாட்டுப்படகில் இரவு கடலுக்குச் சென்று விடியலில் திரும்பும் என் தந்தை மலச்சிக்கலால் அவதிப்படுகிறார். பெருங்குடலை மூளைதான் அசைக்கிறதா?
– வாசகர், பாம்பன்

பதில்: பெரும்பாலும் குடலே தன்னை அசைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்த பின்னும் விலங்குகளின் குடலில் அசைவு தொடர்வதை பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் இருவரும் 1899-இல் காட்டினர். உடலிலுள்ள செரோடோனின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருப்பது மூளையில் அன்று, செரிமானப் பாதையில்தான். மலம் குடற்சுவரை விரிக்கும்போது உட்படலச் செல்கள் செரோடோனினைச் சுரக்க, அது தசையடுக்குகளுக்கு நடுவே பின்னிக் கிடக்கும் நரம்பு வலையைத் தூண்டுகிறது. உடனே மலத்துக்குப் பின்னுள்ள தசை நரம்புகள் வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால் சுருங்க, முன்னுள்ள தசை அவை வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவால் தளர்ந்து வழிவிடுகிறது.

மூளைக்கும் பங்குண்டு, உந்துதலை அடக்குவது அதுவே. படகில் இடமின்றி அடக்கும்போது மலத்தின் நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது. கடலில் தண்ணீரைச் சிக்கனமாகக் குடிப்பதும் இதைக் கூட்டும். விழித்த பின்னும் உண்ட பின்னும் குடலின் அசைவு வலுப்பெறும். ஆகவே கரை சேர்ந்ததும், வலையிலிருந்து மீன் கழிக்க அமரும் முன்பே, அவர் நீராகாரம் அருந்திவிட்டு அவசரமின்றிக் கழிப்பறை செல்லட்டும். மலத்தில் இரத்தமோ காரணமற்ற எடைக்குறைவோ தென்பட்டால் மருத்துவரிடம் தாமதியாமல் அழைத்துச் செல்லுங்கள்.